குன்னூர்ல உக்காந்துட்டு கடலைக் காப்பாத்துறது எப்படி

கடல் எங்க இருக்கு நாம எங்க இருக்கோம்னு சிரிக்காதீங்க. மொதல்ல உங்க வீட்டு முன்னாடி ஓடுற ஓடைத் தண்ணி எந்தக் கடலுக்குப் போகுதுன்னு கண்டுபிடிங்க. குன்னூர்னா ஈஸி, ஊருக்குள்ள ஓடுற ஆறு மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில விழுது, பவானி கூடுதுறையில காவிரி, அப்புறம் பூம்புகார் கிட்ட வங்காள விரிகுடா. ஊட்டித் தண்ணிக்கு சுத்து வழி, மோயார் புடிச்சு பவானிசாகருக்கு வந்து கடைசியில அதே பவானிதான். கூடலூர், பந்தலூர் பக்கம் பாண்டியாறு, சாலியாறுன்னு எறங்கி பேப்பூர்ல அரபிக்கடலுக்குப் போயிரும். ஒரே மாவட்டம், ரெண்டு கடல்.

"நடுவுல டேம் இருக்கே, குப்பையெல்லாம் அங்கயே நின்னுறாதாடா"ன்னு எங்க மாமா கேட்டார், நியாயமான கேள்விதான். கனமானது நிறைய நிக்கும், சேத்துல புதையும். ஆனா லேசா மிதக்குறது, நொறுங்கிப் பொடியானது எல்லாம் மதகு தொறக்கும்போது தண்ணியோடவே கெளம்பிரும். நின்னா மட்டும் என்ன, கீழ இருக்கிறவங்க குடிக்கிற தண்ணிதானே அது.

அதனால இங்கயே புடிக்கணும். நாங்க நாலு பேர் சேர்ந்து எங்க தெரு ஓடையில கம்பி வலைத் தட்டி ஒண்ணு கட்டினோம், அங்கதான் நான் சொதப்பினேன், அடி வரைக்கும் டைட்டா கட்டிட்டேன், மொத மழையிலயே இலையும் சேறும் அடைச்சுக்கிட்டு தண்ணி பக்கத்து வீட்டு வாசலுக்கு ஏறிருச்சு, அந்த அக்கா ரெண்டு வாரம் என் மூஞ்சியப் பாக்கல. நீங்க கட்டினா அடியில ஒரு ஜாண் இடைவெளி விடுங்க, நமக்கு மேல மிதக்குறது சிக்கினாப் போதும். நகராட்சியில ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கட்டுங்க. தினமும் காலையில அள்ளணும், அள்ள ஆள் இல்லேன்னா தயவுசெஞ்சு கட்டாதீங்க.

அள்ளுறப்ப என்ன சிக்குதுன்னு எண்ணி எழுதி வைங்க. எங்களுக்கு சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட் எல்லாம் எதிர்பார்த்ததுதான், எதிர்பார்க்காதது பால் பாக்கெட்டோட அந்த குட்டி மூலைத்துண்டு, நகம் சைஸ்ல இருக்குமே, அது வலை ஓட்டையிலயே புகுந்து போயிரும், குப்பை பொறுக்குறவங்க கையிலயும் மாட்டாது. இனிமே மூலையை முழுசா வெட்டாதீங்க, பாக்கெட்லயே தொங்குற மாதிரி பாதி வெட்டி ஊத்துங்க, செலவே இல்லாத வேலை.

அடுத்தது நம்ம மலைக்காரங்களோட தனி பாவம், ஸ்வெட்டர். கம்பளின்னு நாம சொல்றதுல பாதி அக்ரிலிக், பாலியஸ்டர்தான். 2016ல இங்கிலாந்துல பிளைமவுத் பல்கலைக்கழகத்துல பாத்தாங்க, 6 கிலோ அக்ரிலிக் துணியை மெஷின்ல ஒரு தடவை துவைச்சா 7 லட்சத்துக்கு மேல நூல்துகள் தண்ணியில போகுதாம். எந்தத் தட்டியும் இதைப் புடிக்காது. அதனால ஸ்வெட்டரை ஒரு நாள் போட்டதுக்கே துவைக்காதீங்க, வெயில் தலைகாட்டுற அன்னைக்கு (எப்பவாவது காட்டும்) வெளிய உதறிக் காயப்போடுங்க, துவைச்சா மெஷின் நெறைய, பச்சைத்தண்ணியில. ஃபில்டர்ல சேர்ற பஞ்சை சிங்க்ல கழுவி விடாம குப்பையில போடுங்க, நிறைய வீட்ல இதுதான் தப்பா நடக்குது.

மீன் வாங்குறவங்களுக்கு ஒண்ணு. கேரளாவுல 10 சென்டிமீட்டருக்குக் கம்மியான மத்தியைப் புடிக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, முட்டை போடுறதுக்கு முன்னாடியே குஞ்சை வாரிட்டா அடுத்த வருசம் வலையில என்ன விழும். ஏடிஎம் கார்டை விடக் கொஞ்சம் நீளமா இருக்கணும், அவ்வளவுதான் அளவு. சின்னதா இருந்தா "அண்ணே இது குஞ்சு, வேணாம்"னு சொல்லிட்டு வாங்க, நாலு பேர் சொன்னா அவரே எறக்க மாட்டார்.

பசங்களுக்குச் சொல்லணும்னா சார்ட் பேப்பர் வேணாம். ஜூன் 8 உலகப் பெருங்கடல் தினத்துக்கு நான் ஆவுளியா (கடல்பசு), பவளப்பாறைன்னு படம் காட்டினேன், பாதி பேர் கொட்டாவி. அப்புறம் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு யூகலிப்டஸ் இலையைத் தண்ணியில போட்டு, இது எங்க போகும்னு கேட்டேன். மேட்டுப்பாளையம், பவானி, ஈரோடுன்னு கத்திக்கிட்டே பூம்புகார் வரைக்கும் போயிட்டாங்க. ஒரு பாப்பா மட்டும் "அண்ணா, அப்ப எங்க வீட்டு சோப்புத் தண்ணியையும் மீன் குடிக்குமா"ன்னு கேட்டுச்சு. அன்னைக்கு சாயங்காலமே அவங்க அம்மா போன் பண்ணி, எந்த சோப்பு வாங்கணும்னு விசாரிச்சாங்க.

தட்டி கட்டுறதா இருந்தா குன்னூர், கோத்தகிரிக்காரங்க செப்டம்பர்லயே கட்டிருங்க, அக்டோபர் மழைக்கு முன்னாடி. கூடலூர் பக்கம் மே முடியுறதுக்குள்ள.