108 சீருடையும் பால்வடியும் முகமும்

"பெரியவர் யாரும் வரவில்லையா, தம்பி?" 108 ஆம்புலன்ஸிலிருந்து இறங்கும் இளம் மருத்துவ உதவியாளர்களின் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. வயதைச் சொல்லி வாதாடாதீர்கள். பெயரையும் பணியையும் ஒரே வரியில் சொல்லிவிட்டு நோயாளியின் மணிக்கட்டைப் பிடியுங்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பதறாத குரலில் வாய்விட்டுச் சொல்லியபடி குறித்துக்கொள்ளுங்கள்.

அதிகம் சந்தேகப்படுபவரிடமே, "ஐயா, இவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்து வாருங்கள்" என்று வேலை கொடுங்கள். அந்த விவரம் எப்படியும் தேவைதான்.

ஓட்டுநர் மூத்தவர் என்றால் எல்லோரும் அவரிடமே பேசுவார்கள். நோயாளி வீட்டு வாசலில் உங்களைத் "தம்பி" என்று கூப்பிட வேண்டாம் என வண்டியிலேயே அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்காகவே மீசை வளர்த்தவர்களும் உண்டு. முகக்கவசம் போட்டதும் அது மறைந்துவிடுகிறது, பாவம்.