பழையதா, தொன்மையானதா? ஆண்டைக் கழித்துப் பாருங்கள்

செட்டிநாட்டைப் பற்றி எழுதும்போது, ஒரு கட்டடத்துக்கு அடைமொழி போடுவதற்கு முன் அதைக் கட்டிய ஆண்டை இன்றைய ஆண்டிலிருந்து கழியுங்கள். விடை இரண்டு இலக்கம் என்றால் ‘பழைய’ போதும். நூறு, இருநூறு என்றால் ‘நூற்றாண்டு கடந்த’. ஆயிரத்தைத் தாண்டினால்தான் ‘தொன்மையான’.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் எழுந்தவை. அவற்றைத் ‘தொன்மையான’ என்று எழுதிவிட்டால், ஆயிரம் ஆண்டைத் தாண்டிய பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயிலுக்குப் போடச் சொல் மிஞ்சாது. 1687இல் கட்டிய திருமயம் கோட்டை இடையில் நிற்கிறது. அதற்கு ‘முந்நூறு ஆண்டு கடந்த’ என்று எண்ணையே சொல்லிவிடுவது நல்லது. எண் தெரிந்த இடத்தில் அடைமொழியைவிட எண்ணே கனமானது.

அதிகம் தடுமாற வைக்கும் சொல் ‘பாரம்பரிய’. அது வயதைச் சொல்லாது, கைமாறி வரும் தொடர்ச்சியைச் சொல்லும். ஆத்தங்குடிக் கல் என்னும் தரை ஓடு பாரம்பரியமானது, தொன்மையானதல்ல. அதில் சிமெண்ட் இருக்கிறது, போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்பதற்கும் வயது கணக்கில்லை: அங்கே நடந்தது என்ன என்று அடுத்த வரியில் சொல்ல முடிந்தால் மட்டும் போடுங்கள்.

ஆண்டு தெரியாத கட்டடத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே பர்மாத் தேக்குத் தூண், சுண்ணாம்புப் பூச்சு என்று கண்ணில் படுவதை எழுதலாம். காரைக்குடிக் கடைகளில் சொல்லும் ‘பழங்காலப் பொருள்’ வியாபாரப் பெயர், அதைத் திருத்தப் போகவேண்டாம்.