ஹோல்டிங் தவறை நடுவரின் கண்ணால் பார்ப்பது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில் பந்து ஸ்னாப் செய்யப்படும் (பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கும்) ஒவ்வொரு முறையும், பந்தை வைத்திருக்கும் அணியான ஆஃபென்ஸுக்காக முன்வரிசையில் தடுப்பு வேலை செய்யும் ஆஃபென்சிவ் லைன்மேன்களின் கைகள் எதிராளியின் மார்பின் மீதோ தோள் கவசத்தின் மீதோ பதிகின்றன. ஜெர்சித் துணி அவர்களுடைய விரல்களுக்குள் சிக்குவதும் வழக்கமே. இவை அனைத்தையும் ஹோல்டிங், அதாவது எதிராளியை விதிக்குப் புறம்பாகப் பிடித்துத் தடுக்கும் தவறு, என்று அறிவித்தால் ஆட்டம் நகராது. எனவே நடுவர் பிடி இருந்ததா என்று மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் பிடி எதிராளியைக் குறிப்பிடத்தக்க அளவில் கட்டுப்படுத்தியதா, அவர் துரத்திச் செல்லும் வழியையோ கோணத்தையோ மாற்றியதா என்று பார்க்கிறார். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இன் விதிநூல் வைத்திருக்கும் அளவுகோலும் இதுவே. எதிராளியைப் பற்றி இழுத்தல், கையை வளைத்து மடக்கிப் போடுதல், முறுக்கித் திருப்புதல், தரையில் சாய்த்தல் ஆகியவற்றை அது கட்டுப்படுத்தலுக்கு எடுத்துக்காட்டுகளாகச் சொல்கிறது. கை எதிராளியின் உடற்சட்டத்துக்குள் இருந்தால் ஹோல்டிங் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல, கை உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் கட்டுப்படுத்தினால் தவறுதான்.

இதைப் பார்க்கப் பழக விரும்புகிறவர் முதலில் பந்தை மறக்க வேண்டும். களத்தில் உள்ள ஏழு நடுவர்களுக்கும் ஸ்னாப்புக்கு முன்பே அவரவர் கவனிக்க வேண்டிய வீரர்கள் வகுக்கப்பட்டிருக்கிறார்கள். தலைமை நடுவரான ரெஃப்ரீயும் அம்பயர் எனப்படும் நடுவரும், பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நின்று லைன்மேன்களைப் பங்கிட்டுப் பார்க்க, லைன்மேன்கள் நிற்கும் கோட்டின் இரு முனைகளிலும் நிற்பவர்கள் விளிம்பில் நடக்கும் மோதல்களைக் கவனிக்கிறார்கள். முன்பு டிஃபென்ஸ் (பந்து இல்லாத அணி) பக்கம் நின்ற அம்பயர், மோதலில் காயமடையும் ஆபத்தைக் குறைப்பதற்காக 2010-இல் என்.எஃப்.எல்.-இல் பின்னால் நகர்த்தப்பட்டார். நீங்களும் ஸ்னாப்புக்கு முன்பே ஒரே ஒரு டேக்கிளை (லைன்மேன் வரிசையின் ஓரத்தில் நிற்பவரை) தேர்ந்தெடுத்து, பந்து எங்கே போனாலும் இறுதிவரை அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

அவரைப் பார்க்கும்போது கைகளுக்கு முன்பாகக் கால்களைக் கவனிப்பது நல்லது. கால்கள் இடைவிடாமல் நகர்ந்து, உடல் எதிராளிக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் நடுவே இருக்கும்வரை பெரும்பாலும் அவர் நேர்மையாகவே தடுத்துக்கொண்டிருக்கிறார். கால் பின்தங்கியதும் கை அந்த வேலையைச் செய்யத் தொடங்குகிறது. அந்தக் கணமே முக்கியம். இடது டேக்கிளின் வெளிப்புறமாகத் தோளைத் தாழ்த்திக்கொண்டு டிஃபென்ஸ் வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு டிஃபென்சிவ் எண்ட் பாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இடுப்பு டேக்கிளைக் கடந்துவிட்டது, ஆனால் டேக்கிளின் கை இன்னும் அவருடைய தோளைவிட்டு அகலவில்லை. ஜெர்சி கவசத்திலிருந்து பிரிந்து இழுபடுகிறது, கால்கள் முன்னே போக விரும்பும்போது தோள் பின்னே திரும்புகிறது. இந்த அடையாளங்கள் ஒன்றாகத் தெரிந்தால், தவறைக் குறிக்க நடுவர் வீசும் கொடி விழுவதில் வியப்பில்லை.

பிடித்த நொடியிலேயே கொடியை வீசாமல், அதன் விளைவு தெரியும்வரை காத்திருப்பதே நல்ல நடுவரின் பழக்கம். அதேபோல், எதிராளி விழுந்து கிடப்பதை மட்டும் பார்த்துவிட்டு, தொடக்கத்தைப் பார்க்காத நடுவர் கொடியைத் தொடக் கூடாது. என் கருத்தில், ஊகத்தின் பேரில் விழும் கொடி, விடுபட்ட கொடியைக் காட்டிலும் ஆட்டத்துக்கு அதிகக் கேடு செய்கிறது. வலப்புறம் ரன்னர் பந்தோடு ஓடும்போது இடக்கோடியில் நடந்த, ஆட்டத்தின் போக்கைத் தொடாத சிறு பிடியைப் பெரும்பாலும் கண்டிக்காமல் விடுவதும் இந்தச் சிந்தனையிலிருந்தே வருகிறது.

சில காட்சிகள் ஹோல்டிங் போலத் தோன்றினாலும் விதிப்படி அவை தவறாவதில்லை. டிஃபென்ஸ் வீரர் தம் கையைக் கீழிருந்து மேலாக வீசி, தடுப்பவரின் கைக்கு அடியில் நுழையும் ‘ரிப்’ முறையைப் பயன்படுத்தினால், தடுப்பவரின் கை தானாகவே அவருடைய கழுத்தைச் சுற்றியதுபோல் ஆகிவிடும். அந்த நிலையை உண்டாக்கியவர் டிஃபென்ஸ் வீரரே என்பதால், பொதுவாகக் கொடி வராது. தம் வேகத்தாலேயே தரையை நோக்கிச் சாய்ந்துகொண்டிருப்பவர் மீது தடுப்பவர் விழுவதும் அப்படியே.

டிஃபென்ஸ் தரப்பின் ஹோல்டிங்குக்கு, 2023 பிப்ரவரியில் நடந்த என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான 57-ஆவது சூப்பர் பௌலைவிடத் தெளிவான பாடம் இல்லை. 35-35 என்ற சமநிலையில், இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிஞ்சியிருந்தபோது, திசை மாற்றி வெளியே ஓட முயன்ற கன்சாஸ் சிட்டியின் ரிசீவர் (பாஸைப் பிடிக்கும் வீரர்) ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரை ஃபிலடெல்ஃபியாவின் ஜேம்ஸ் பிராட்பெர்ரி ஜெர்சியைப் பற்றி இழுத்தார். பாஸ் பிடிபடவில்லை என்றாலும் கன்சாஸ் சிட்டிக்குப் புதிய ஃபர்ஸ்ட் டவுன், அதாவது முயற்சிகளை முதலிலிருந்து தொடங்கும் வாய்ப்பு, கிடைத்தது. அந்த அணி கடைசி நொடிகளில் பந்தை உதைத்து 3 புள்ளி பெறும் ஃபீல்டு கோல் அடித்து 38-35 என வென்றது. அவ்வளவு பெரிய தருணத்தில் அத்தனை சிறிய பிடிக்குக் கொடி வேண்டுமா என்று பலர் கொதித்தார்கள். தாம் ஜெர்சியை இழுத்தது உண்மை என்று பிராட்பெர்ரியே ஆட்டத்துக்குப் பின் ஒப்புக்கொண்டார். ரிசீவர் திரும்பும் இடத்தில் அரை அடி பின்தங்கினாலும் பாஸின் கணக்கு தவறிவிடும் என்பதால், அந்தக் கொடி நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

தீர்ப்பை அறிவிக்கும்போது ரெஃப்ரீ ஒரு கையை முஷ்டியாக மடக்கி, அதன் மணிக்கட்டை மற்றொரு கையால் பற்றிக் காட்டுகிறார். என்.எஃப்.எல்.-இல் ஆஃபென்ஸ் செய்த ஹோல்டிங்குக்கு 10 யார்டு தண்டனை. டிஃபென்ஸ் செய்ததற்கு 5 யார்டுடன் தானாகவே ஃபர்ஸ்ட் டவுன். ஆஃபென்ஸ் வீரர் தம் அணி காக்கும் களமுனைப் பகுதியான எண்ட் சோனுக்குள்ளேயே ஹோல்டிங் செய்தால், அது சேஃப்டியாகி எதிரணிக்கு 2 புள்ளிகள் சேரும்.