ஏற்காடு வளைவுகளுக்கு ஒரு காற்றுத் தலையணை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். தலை பக்கவாட்டில்தான் ஆடும். அதனால் கழுத்துத் தலையணையின் பக்கங்கள் தடியாகவும் பிடரிப் பகுதி ஒல்லியாகவும் இருக்கட்டும். பிடரி தடித்தால் தலை முன்னே தள்ளி, கழுத்து கடுக்கும்.

டிபியு (சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக்) பூசிய நைலான் துணி இரண்டு, பூச்சுப் பக்கங்கள் உள்ளே. ஊதினால் அகலம் சுருங்கும்: ஒட்டுக்குள் 16 செ.மீ. விட்டால் சுமார் 10 செ.மீ. தடிமன்தான் கிடைக்கும், பிடரிக்கு 8 செ.மீ. அகலம் போதும். முதலில் வால்வு, பிறகு ஓரம். 1 செ.மீ. அகலத்துக்கு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுங்கள். எவ்வளவு சூடு என்று வெட்டுத்துண்டில் பார்க்காமல் தொடவே வேண்டாம். மூலைகளை வளைத்து வெட்டுங்கள். கூராக இருந்தால் அங்கேதான் பிரியும். தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை குமிழி விடும்.

அடிவாரத்தில் முக்கால் அளவே ஊதுங்கள். மேலே காற்றழுத்தம் குறைவு. முழுதாக ஊதியது கல்லாகிவிடும்.