முட்டி எவ்வளவு மடங்குகிறது? வீட்டில் கோனியோமீட்டரால் அளக்கும் முறை

முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து வாராவாரம் அளந்து பிசியோதெரபிஸ்டுக்கு அனுப்புவது என் வேலை. "போன வாரத்துக்கு இப்போ பரவாயில்லை" என்று சொல்வதைவிட ஒரு எண்ணைச் சொன்னால் அடுத்த பயிற்சியை அவரால் தெளிவாகத் தீர்மானிக்க முடிகிறது.

12 அங்குல ஒளிபுகும் பிளாஸ்டிக் கோனியோமீட்டர் வாங்குங்கள். மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி இது: நடுப்புள்ளியில் இணைந்த இரண்டு நீண்ட பட்டைகள் இருக்கும், ஒன்று நிலையான கை, மற்றது நகரும் கை. விரல் மூட்டுக்கான குட்டைக் கருவி முட்டிக்கு உதவாது. போனில் ஆப் இருக்கிறது, ஆனால் கெண்டைக்காலில் போன் வழுக்கிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

1. அமுங்காத கட்டிலில் மல்லாந்து படுக்கட்டும். கால் வெளிப்பக்கம் சாயாமல் முட்டிச்சில் கூரையைப் பார்க்க வேண்டும்.

2. மூன்று எலும்பு மேடுகளைத் தடவிக் கண்டுபிடியுங்கள். அளவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான், அவசரமே வேண்டாம். கருவியின் நடுப்புள்ளியை முட்டிச்சில்லின் பக்கத்தில் வைக்கத்தான் கை போகும். அது தவறு. காலை லேசாக மடக்கி, சில்லின் வெளி ஓரத்திலிருந்து பின்னோக்கித் தடவினால் மூட்டு இடுக்கு தட்டுப்படும். அதற்குச் சற்று மேலே, தொடை எலும்பின் முனையில் ஒரு மேடு இருக்கும். நடுப்புள்ளி அங்கேதான்.

அடுத்தது இடுப்புப் பக்கம், தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் மேடு. தொடையின் மேல்பகுதியில், பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, காலை உள்ளும் வெளியும் உருட்டச் சொல்லுங்கள். கைக்கடியில் ஒரு எலும்பு நகரும். கருவியின் நிலையான கை அதை நோக்கிப் போக வேண்டும். சதையின் விளிம்பைப் பின்பற்றினால் பருமனான தொடையில் கோணம் மாறிவிடும். நகரும் கை வெளிக்கணுக்கால் முண்டை நோக்கி.

3. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, முடிந்தவரை நீட்டச் சொல்லி அளக்கவும்.

4. துண்டை எடுத்துவிட்டு, குதிகாலைக் கட்டிலில் இழுத்தபடி மடக்கச் சொல்லுங்கள். மடக்கி முடித்த நிலையில் மூன்று மேடுகளையும் மறுபடி சரிபார்த்து, கண்ணைக் கருவியின் மட்டத்துக்கு இறக்கிப் படியுங்கள். கையால் அழுத்தி மடக்காதீர்கள், அது பிசியோதெரபிஸ்டின் வேலை. காயத்தின்மேல் கருவி படவும் கூடாது.

5–105 என்று குறித்தால், கடைசி 5 டிகிரி நீளவில்லை, 105 வரை மடங்குகிறது என்று பொருள். நடக்கச் சுமார் 60 போதும். நாற்காலியிலிருந்து எழ 90-க்கும் சற்று அதிகம் வேண்டும். ஒரே வாரத்தில் 5 டிகிரி குறைந்தால் பயப்படாதீர்கள், அளக்கும் கையிலேயே அவ்வளவு வித்தியாசம் வரும்.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் ஒருவர் "நன்றாக மடங்குகிறது, ஆனால் 75 காட்டுகிறது" என்று எழுதியிருந்தார். பல கருவிகளில் எதிரெதிராக ஓடும் இரண்டு எண்வரிசைகள் உண்டு. கால் நேராக இருக்கும்போது எது 0 காட்டுகிறதோ, அதையே கடைசிவரை படியுங்கள். அவருடைய அளவு உண்மையில் 105.

இன்னொருவர் ஒரு வாரம் பயிற்சிக்கு முன்பும் மறுவாரம் பின்பும் அளந்திருக்கிறார். பயிற்சிக்குப் பின் மூட்டு இளகியிருக்கும். அதனால் முன்போ பின்போ, ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள், எதுவென்று எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.