76 எண்ணிக்கையிலிருந்து 528 ஜோடிகளின் பயணங்கள்: நெரிசல் சாலைகளில் ஓ-டி அணி கண்டுபிடிப்பது எப்படி?

சாலையோரம் நின்று எத்தனை வண்டி போகிறது என்று எண்ணிவிடலாம். ஒவ்வொன்றையும் நிறுத்தி எங்கே கிளம்பினீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்க முடியாது. அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை பயணம் என்ற அட்டவணையை (ஓ-டி அணி; ஓ என்பது கிளம்பும் இடம், டி என்பது சேரும் இடம்) பின்னோக்கிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் இரண்டு வாரத்துக்கு மேல் நான்காம் படி தின்றது. அணிப் பெருக்கலும் கொஞ்சம் பைத்தானும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பழகுவதற்கு ஒரு வலையமைப்பு

சொந்த ஊர்ச் சாலைகளில் தொடங்க வேண்டாம். அமெரிக்காவின் சூ ஃபால்ஸ் நகரத்தின் பெயரில் ஒரு மாதிரி வலையமைப்பு 1970களிலிருந்து ஆய்வாளர்களிடம் புழங்குகிறது. 24 கணுக்கள் (சந்திப்புகள்), அவற்றுக்கிடையே 76 ஒருவழி இணைப்புகள் (சாலைகள்), பயணம் உள்ள ஓ-டி ஜோடிகள் 528. சரியான விடை முன்பே தெரியும் என்பதால் நம் நிரலின் குட்டு உடனே வெளிப்பட்டுவிடும்.

எக்செல் சால்வர் வேண்டாம். அது 200 மாறிகளுக்கு மேல் தாங்காது. பைத்தானும் அதன் கணக்கு நூலகமான சைபையும் போதும். உள்ளே நடப்பதைக் காட்டாத விலையுயர்ந்த மென்பொருளில் முதல் பாடம் படிப்பது வீண்செலவு என்பது என் கட்சி.

படி 2: நெரிசலுக்கு ஒரு வாய்பாடு

நேரம் = காலிச்சாலை நேரம் × (1 + 0.15 × (ஓட்டம் ÷ கொள்ளளவு)⁴)

அமெரிக்கப் பொதுச்சாலைப் பணியகம் 1964-இல் தந்தது. கணு 6-லிருந்து 8-க்குப் போகும் இணைப்பைப் பாருங்கள். காலியாக இருந்தால் 2 நிமிடம் என்று கொள்வோம். கொள்ளளவு சுமார் 4,899, சமநிலையில் ஓட்டம் சுமார் 12,493. விகிதம் 2.55; அதன் நான்காம் அடுக்கு 42-ஐத் தாண்டுகிறது. நேரம் 14.7 நிமிடமாக ஏறிவிடுகிறது.

படி 3: சமநிலை

வேறு வழிக்கு மாறி எவரும் நேரத்தை மிச்சப்படுத்த முடியாத நிலை. வார்ட்ராப் 1952-இல் சொன்னது. 1956-இல் பெக்மனும் கூட்டாளிகளும் இதை ஒரு குவிவு உகப்பாக்கக் கணக்காக (ஒரே ஒரு பள்ளம் உள்ள கிண்ணத்தின் அடியைத் தேடுவதுபோன்ற கணக்கு) மாற்றினார்கள். தீர்ப்பதற்கு ஃபிராங்க்–வுல்ஃப் முறை: இப்போதைய நேரங்களில் ஒவ்வொரு ஜோடிக்கும் குறுவழி (மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் வழி) தேடி, எல்லாப் பயணங்களையும் அதில் ஏற்றி, பழைய ஓட்டத்தோடு லாம்டா பங்கில் (0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்) கலக்க வேண்டும். ஓட்டம் அசையாமல் நிற்கும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.

படி 4: பங்கு அணி (இங்கேதான் விழுந்தேன்)

ஒவ்வொரு ஜோடியின் பயணத்தில் எத்தனை பங்கு ஒவ்வொரு இணைப்பிலும் போகிறது என்பதைச் சொல்லும் 76 × 528 அணி தேவை. நான் கடைசிச் சுற்றின் குறுவழிகளிலிருந்து மட்டும் அதை எடுத்தேன். நிரல் ஒரு பிழையும் காட்டவில்லை; விடை மட்டும் அபத்தமாக வந்தது. ஒரு நாள் அந்த அணியைப் பயண எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தேன். 12,493 வரவேண்டிய 6→8 இணைப்பில் பூஜ்யம்! கடைசிச் சுற்றில் யாருடைய குறுவழியும் அதன் வழியாகப் போகவில்லை.

ஓட்டத்தைக் கலக்கும் அதே லாம்டாவால் ஒவ்வொரு சுற்றிலும் பங்கு அணியையும் கலக்க வேண்டும். அடுத்த படிக்குப் போகுமுன் பெருக்கிப் பாருங்கள். 76 ஓட்டங்களும் அப்படியே கிடைக்க வேண்டும். (சமநிலையில் இணைப்பு ஓட்டங்களுக்கு ஒரே விடைதான், பாதைப் பங்குகளுக்கு அப்படி இல்லை. உங்கள் பங்கு அணி என்னுடையதிலிருந்து மாறினால் பதற வேண்டாம்.)

படி 5: மதிப்பீடு

தெரியாதவை 528, சமன்பாடுகள் 76. ஆகவே ஒரு பழைய ஓ-டி அணியைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டிக் குறைக்கிறோம்: எண்ணிக்கையிலிருந்து விலகல், பழைய அணியிலிருந்து விலகல். இரண்டாவதற்குச் சிறிய எடை கொடுங்கள். எதிர்மறைப் பயணம் வராமல் கீழ்வரம்பு பூஜ்யம்.

புதிய பயணங்கள் வந்ததும் நெரிசல் மாறும், வழிகள் மாறும், பங்கு அணி பொய்யாகிவிடும். எனவே படி 3-க்குத் திரும்ப வேண்டும். புது விடையை முழுதாக ஏற்றால் கணக்கு ஊஞ்சலாடும். முதல் சுற்றில் முழுதும், இரண்டாவதில் பாதியும், மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கும் என்று நகர்த்துங்கள்.

பின்சேர்க்கை 1: உண்மையான கேமரா எண்ணிக்கையைப் போட்டதும் நெரிசல் நேரத்தில் பயணங்கள் குறைந்துவிட்டன என்று ஒரு வாசகர் எழுதினார். நான் சொல்லாமல் விட்டது என் தவறு. 4,899 தாங்கும் சாலையில் எந்தக் கேமராவும் 12,493 காட்டாது. வண்டிகள் வரிசையாகத் தேங்கிவிட்டால் எண்ணிக்கை குறையும். வர விரும்பியவர்கள் பின்னால் காத்திருப்பார்கள். அத்தகைய இணைப்புகளைக் கணக்கிலிருந்து நீக்கி, வரிசை எட்டாத முந்தைய இணைப்புகளின் எண்ணிக்கையைப் பயன்படுத்துங்கள்.

பின்சேர்க்கை 2: "76-உம் பொருந்திவிட்டது, அணி சரிதானே?" என்று இருவர் கேட்டார்கள். கணு 1-லிருந்து 10-க்கு உண்மையான பயணம் 1,300. பழைய அணியில் அதை மட்டும் 900 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். எண்ணிக்கைகள் பொருந்திய பிறகும் அது முழுதாக 1,300-க்குத் திரும்பாது. அதே சாலைகளில் போகும் மற்ற ஜோடிகள் குறையைப் பங்கிட்டுக்கொள்ளும்.