பழைய விண்டோஸை வெளி ஹார்ட் டிஸ்கிலிருந்து இயக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களைக் கொண்டு பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்த அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேலத்து டிடிபி கடைகளில் இன்றும் காணலாம். கடைக்குப் புதிய கணினி வந்ததும், அந்தக் கோப்புகளுக்காக மட்டும் விண்டோஸ் எக்ஸ்பியையோ விண்டோஸ் 7-ஐயோ வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்து இயக்கலாம் என்று பலர் முயல்கிறார்கள். அந்த விருப்பம் நியாயமானதே. ஆயினும் அவசரப்பட்டுச் செய்தால் பழைய கோப்புகளோடு புதிய கணினியில் உள்ளவையும் சேர்ந்து பாழாகும்.

பழைய கணினியின் டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் பொருத்தி, அதிலிருந்தே கணினியை எழுப்ப (பூட் செய்ய) முயல்வதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. எக்ஸ்பி இயங்கத் தொடங்கும்போது யுஎஸ்பி இணைப்பைப் புதிதாகத் தொடங்குவதால், தான் எந்த டிஸ்கிலிருந்து எழுகிறதோ அந்த டிஸ்கையே பாதிவழியில் இழந்து, 0x0000007B என்ற பிழை எண்ணுடன் நீலத்திரையில் நின்றுவிடும். விண்டோஸ் 7-இன் நிறுவியும் யுஎஸ்பி வழியாக இணைந்த டிஸ்கில் நிறுவ மறுத்துவிடும். அதில் யுஎஸ்பி 3.0-க்கான டிரைவரும் கிடையாது. எனவே மூல டிஸ்கை ஒருபோதும் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். அதைக் குளோன் செய்து (அச்சு அசலாக நகலெடுத்து), அந்த நகலில் மட்டும் முயலுங்கள்.

அடுத்தது, பயாஸ் (கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) அமைப்புகளை யோசிக்காமல் மாற்றுவது. பழைய விண்டோஸுக்காக செக்யூர் பூட்டை (நம்பகமான இயங்குதளங்களை மட்டும் எழவிடும் காப்பை) அணைக்கும்போது, டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி இயங்கும் கணினி மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி கைவசம் இல்லையென்றால் உள் டிஸ்கில் உள்ள தரவைத் திறக்கவே முடியாது. ஆகவே சாவியை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஏஹெச்சிஐ என்ற புதிய டிஸ்க் இணைப்பு முறைக்கான டிரைவர் எக்ஸ்பியில் இல்லை என்பதற்காக, அந்த முறையைப் பழைய ஐடிஇ-க்கு மாற்றினால், புதிய விண்டோஸ் எழாமல் போகலாம்.

இவற்றினும் ஆபத்தானது, பழைய இயங்குதளம் எழுந்தபின் உள் டிஸ்கைத் தொடுவது. விண்டோஸ் 10-இல் கணினியை விரைவாக எழவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், கணினியை அணைத்த பிறகும் அதன் டிஸ்க் முழுமையாக மூடப்படாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். அந்நிலையில் வேறொரு இயங்குதளம் அதில் எழுதினால் கோப்பமைப்பு சிதையலாம். எக்ஸ்பி அந்த டிஸ்கைத் திறந்தாலே, புதிய விண்டோஸ் சேமித்துள்ள ரிஸ்டோர் பாயின்ட்டுகள் (முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவுகள்) அழிந்துவிடக்கூடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு, மேசைக் கணினியாயின் உள் டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுவதே என் பரிந்துரை. சில நிமிட வேலைதான், ஆனால் இதைவிட நம்பகமான காப்பு வேறில்லை.

ஏற்காடு போன்ற மலையூர்களில் இடிமழையின்போது மின்சாரம் போகலாம் என்பதால், யுபிஎஸ் இல்லாமல் குளோன் எடுக்கத் தொடங்க வேண்டாம்.

இணைய இணைப்பும் வேண்டாம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும் முடிந்துவிட்டதால், அவற்றின் பாதுகாப்புக் குறைகள் இனி சரிசெய்யப்படுவதில்லை.

உண்மையில், கோப்பைத் திறந்து பிடிஎஃப் எடுப்பது மட்டுமே நோக்கமென்றால், வெளி டிஸ்கில் பூட் செய்யத் தேவையே இல்லை. பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே டிஸ்க்2விஹெச்டி என்ற மைக்ரோசாஃப்ட் கருவியால் அதன் டிஸ்கை விஹெச்டி (ஒரு முழு டிஸ்கின் நகலை அடக்கிய) கோப்பாக மாற்றி, கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் மென்பொருளான வர்ச்சுவல்பாக்ஸில் இயக்கிப் பாருங்கள். டாங்கிள் (உரிமத்துக்கான சிறு கருவி) செருகி இயங்கும் மென்பொருளோ பழைய அச்சு இயந்திரமோ அதில் ஒத்துழைக்காவிட்டால் மட்டும் வெளி டிஸ்கை நாடலாம்.